கேழ்வரகு மாவுக்குத் தனி மில் வேண்டும்

செஞ்சிக் கோட்டையின் பழைய களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு, தானியத்தைக் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரியும். விளைவித்தால் மட்டும் போதாது.

கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருடைய குடலைக் கெடுக்கிறது. இந்த 'சீலியாக்' நோய் வடநாட்டில் அதிகம், இங்கே குறைவு. நோயாளிகள் ஆயுள் முழுதும் சப்பாத்தி, பரோட்டா, சேமியாவை ஒதுக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் மைதா உண்டு! அவர்களுக்கு அரிசி, கேழ்வரகு, கம்பு, சாமைதான் துணை.

ஆனால் சுத்தமான கேழ்வரகைக் கோதுமை அரைத்த மில்லிலேயே கொட்டினால் என்ன பயன்? கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க உணவுச் சட்டம் இடம் தராது. ஒரு படி அரைத்துக் கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது வெறும் சமாதானம். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து சிறுதானியத்துக்கென்றே ஒரு மில் போடலாம். மானியம் கேட்க வேண்டியது இதற்குத்தான். கோதுமை வந்த சாக்கையும் அங்கே நுழைய விடக்கூடாது.