முகாம் முடிந்த பிறகு பல்லில் என்ன மிஞ்சுகிறது?

வடக்கு, கிழக்கில் நடக்கும் இலவச பற்சிகிச்சை முகாம்கள் பற்றிய செய்திகளில் ஓர் எண்ணிக்கை தவறாமல் இருக்கும்: எத்தனை பிள்ளைகள் பயனடைந்தார்கள் என்பது. நான் கேட்க விரும்பும் எண்ணிக்கை வேறு. அன்று பல்லில் இட்ட பாதுகாப்புப் பூச்சு, இரண்டு வருடம் கழித்து எத்தனை பிள்ளைகளின் வாயில் எஞ்சியிருக்கிறது?

'சீலன்ட்' எனப்படும் இந்தப் பூச்சு, கடைவாய்ப் பற்களின் மேலுள்ள ஒடுங்கிய பள்ளங்களை மூடுகிறது. ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையும் விழுகிற பல் என்றெண்ணிப் பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். பிரஷின் நார் நுழையாத அந்தப் பள்ளங்களில்தான் சூத்தை தொடங்குகிறது. வவுனியா போன்ற இடங்களின் கிணற்று நீரில் புளோரைட்டு கூடுதலாக இருந்தாலும், அது பல்லின் வழுவழுப்பான பக்கங்களைக் காக்கும் அளவுக்குப் பள்ளங்களைக் காப்பதில்லை.

சீலன்ட் பின்பள் சூத்தைகளில் 80 வீதத்தை இரண்டு வருடங்களுக்குத் தடுக்கும், நான்கு வருடம் வரை 50 வீதத்தைத் தடுக்கும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. இது பூச்சு நிற்கும் வரைதான். அது எவ்வளவு காலம் நிற்கும் என்பது பொருளையும் பூசும் இடத்தையும் பொறுத்தது.

ரெசின் வகை நீண்டகாலம் நிற்கும். ஆனால் பல் முற்றாக உலர்ந்திருக்க வேண்டும். அமிலமிட்டுக் கழுவிய பின் உமிழ்நீர் பட்டாலே பிடிப்புக் கெட்டுவிடும். உமிழ்நீர் உறிஞ்சும் கருவி, காற்று, ஒளிவிளக்கு, மின்சாரம் எல்லாம் தேவை. வகுப்பறை மேசையில், பாதி முளைத்த பல்லோடு வாயைத் திறக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது சுலபமல்ல.

கிளாஸ் அயனோமர் வகை ஈரத்தை ஓரளவு தாங்கும். தூளையும் திரவத்தையும் குழைத்து விரலால் அழுத்தினால் தானாக இறுகும், புளோரைட்டையும் வெளிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இது விரைவில் கழன்றுவிடும்.

ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: வசதியுள்ள சிகிச்சை நிலையத்தில் ரெசின், கிராமப் பாடசாலையில் கிளாஸ் அயனோமர். எதைப் பூசினாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் மீண்டும் பார்த்து, கழன்ற இடத்தில் திரும்பப் பூச வேண்டும். பூச்சு கழன்ற பல்லுக்கு, பூசாத பல்லைவிடக் கூடுதல் ஆபத்து இல்லை. ஆனால் பாதுகாப்பும் இல்லை.

ஒருநாள் முகாம் தோற்பது இங்கேதான். நல்லெண்ணத்தோடு வரும் புலம்பெயர் மருத்துவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். இங்கேயே இருப்பவர்கள் அரச சேவையிலுள்ள பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள். உதவும் அமைப்புகள் முகாமுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அவர்களது பொருட்களுக்கும் போக்குவரத்துக்கும் கொடுக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல்லில் எதைப் பூசினோம் என்ற பதிவை அவர்களிடம் கையளிக்கட்டும். மாகாண சுகாதாரத் திணைக்களம் பூசிய பற்களை மட்டுமல்ல, பூச்சு நிலைத்த பற்களையும் கணக்கெடுக்கட்டும்.

2009இல் முகாம்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று பெற்றோர். பல்வலி வந்தால் பிடுங்குவதே வைத்தியம் என்று பழகியவர்கள் அவர்களில் பலர். அவர்களின் பிள்ளைகளுக்கு முகாமுக்கு அடுத்த வருடமும் ஒருவர் வந்து வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது வருகைக்கு யார் பொறுப்பு என்பதை முகாம் நடத்துபவர்களிடம் பெற்றோர் முதல் நாளிலேயே கேட்க வேண்டும்.