இளையோரின் ஒற்றைத் தலைவலி: மூளைப் படங்கள் கூறுவதும் கூறாததும்

ஒற்றைத் தலைவலியால் துன்புறும் பிள்ளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கை ‘இயல்பு’ என வரும்போது பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். ஆனால், ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, பிறகு ஏன் வலிக்கிறது?’ என்ற ஐயமும் எழுவதுண்டு. மறுபுறம், இந்நோய் உள்ளோரின் மூளையில் மாறுபாடுகள் காணப்படுவதாக ஆய்வுச் செய்திகள் வெளியாகின்றன. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இரு வகைப் படங்கள்

மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கப்படும் ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டுகிறது. கட்டி, இரத்தக்கசிவு, நீர்த்தேக்கம் போன்றவை உள்ளனவா என அறிய அது உதவுகிறது. ஒற்றைத் தலைவலியோ மூளையின் செயல்பாட்டில் ஏற்படும் மாற்றம் சார்ந்தது. எனவே, இந்நோய் உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் ஸ்கேன் இயல்பாகவே இருக்கும். அதனால் வலி பொய்யாகிவிடாது.

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. முறை, இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவின் மாற்றத்தைக் கொண்டு மூளைப் பகுதிகளின் இயக்கத்தைக் கணிக்கிறது.

ஆய்வுகள் காட்டியவை

2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, தலைவலிக்கு முன் கண்முன்னே ஒளிக்கோடுகள் தோன்றும் கட்டத்தை ஆராய்ந்தது. அப்போது பார்வைக்குரிய மூளைப் புறணியில் ஒரு மாற்றம் நிமிடத்திற்குச் சுமார் 3.5 மி.மீ. வேகத்தில் பரவுவது பதிவாயிற்று. 2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள், ஒரு நோயாளிக்கு 30 நாள்கள் தொடர்ந்து ஸ்கேன் எடுத்தனர். வலி தொடங்குவதற்கு முந்தைய நாளிலேயே ஹைப்போதலாமஸ் பகுதியின் இயக்கம் மாறியிருந்தது.

இவை வயதுவந்தோரிடம் செய்யப்பட்டவை. இவற்றைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. பருவமடைவதற்கு முன் இந்நோய் ஆண், பெண் பிள்ளைகளிடம் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்படுகிறது. அதன் பின்னர் பெண்களிடமே மிகுதி. வளரும் மூளையைத் தனியே ஆராய வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. எட்டு வார அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குப் பின் அவர்களின் தலைவலி நாள்கள் குறைந்தன. உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் மூளையின் முன்பகுதிக்கும் இடையிலான இணைப்பும் மாறியிருந்தது. எனினும், பங்கேற்றோர் 18 பேர் மட்டுமே. மேலும் பெரிய ஆய்வுகள் இதனை உறுதிசெய்ய வேண்டும்.

ஸ்கேன் எப்போது தேவை?

ஆய்வு முடிவுகள் பலரின் சராசரியைக் கூறுபவை. தனியொரு பிள்ளைக்கு இந்நோய் உள்ளதா என்பதை இன்று எந்த ஸ்கேனாலும் உறுதிசெய்ய இயலாது. வலியின் தன்மை, நேரம், குமட்டல், ஒளியும் ஒலியும் தாங்காமை ஆகியவற்றைக் கேட்டறிந்தும் உடலைப் பரிசோதித்தும் மருத்துவர் இதனைக் கண்டறிகிறார். நரம்பியல் பரிசோதனை இயல்பாக உள்ள பிள்ளைகளுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை என அமெரிக்க நரம்பியல் அமைப்புகள் 2002-இலேயே வழிகாட்டின. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. சிறு குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க மயக்க மருந்து தேவைப்படலாம்.

கீழ்க்கண்டவை இருப்பின் தாமதமின்றி மருத்துவரை அணுகவும்:

- திடீரெனத் தோன்றும் மிகக் கடுமையான தலைவலி
- காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம்
- வலிப்பு, கை கால் பலவீனம், நடையில் தடுமாற்றம், பார்வைக் கோளாறு
- உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, அதிகாலை வாந்தி
- நாளுக்கு நாள் கூடிவரும் வலி
- தலையில் அடிபட்டபின் வரும் வலி

பெற்றோர் செய்யக்கூடியவை

வலி வந்த நாள், நேரம், உறக்கம், உணவு, கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நேரத்திற்கு உணவு, போதிய நீர், ஒழுங்கான உறக்கம் ஆகியவற்றை உறுதிசெய்யுங்கள். வலி மாத்திரைகளை அடிக்கடி கொடுப்பதே தலைவலியை மிகுதியாக்கக்கூடும். மருத்துவர் கூறிய அளவை மீறாதீர்கள். ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் வலி மெய்யானது என்பதைப் பிள்ளையின் ஆசிரியரிடமும் எடுத்துக் கூறுங்கள்.