ஒரே வாரம், இரு தீவுகள்: முடக்கநிலை பயன் தந்ததா?

நோயைத் தடுப்பதற்காக ஒரு நாட்டையே பூட்டி வைப்பதென்பது எம்மவருக்கு எளிதில் பிடிபடக்கூடிய செய்தியன்று. ஊரடங்கு என்றால் சுற்றிவளைப்பு, தேடுதல், தலையாட்டி என்றே அறிந்து வளர்ந்தவர்கள் நாம். 2020 மார்ச் 25 நள்ளிரவுக்குச் சற்று முன் நியூசிலாந்து முழுவதும் முடக்கநிலை நடைமுறைக்கு வந்தபோது, ஒக்லாந்து வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் எழுந்தது நோயச்சமா, பழைய அச்சமா என்று பிரித்தறிவது கடினம்.

அந்த முடக்கநிலை உயிர்களைக் காத்ததா? விடை காண விரும்புவோர் 2021 ஆகஸ்ட் மாதத்தின் ஒரு வாரத்தை மட்டும் எடுத்து நோக்கினாற் போதும்.

ஆகஸ்ட் 17 அன்று ஒக்லாந்தில் டெல்டா வகைத் தொற்றுக்குள்ளானவர் ஒருவர் கண்டறியப்பட்டார். ஒரேயொருவர். அன்றிரவே பிரதமர் ஜசிந்தா ஆர்டேன் 51 இலட்சம் மக்களையும் வீட்டினுள் இருக்கச் செய்தார். மூன்று நாட்கள் கழித்து இலங்கையிலும் நாடளாவிய ஊரடங்கு அமுலுக்கு வந்தது. ஆனால், அங்கே வைத்தியர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கோரியும் பொருளாதாரத்தைக் காரணங்காட்டி கோத்தபாய ராஜபக்ஷ அரசு காலங்கடத்தியிருந்தது. பூட்டு விழுந்த நாளில் அங்கு மொத்தச் சாவு ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. நாளாந்தம் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தனர். நியூசிலாந்தில் அதுவரை இறந்தோர் 26 பேர். இலங்கையின் மக்கள்தொகை நான்கு மடங்குக்கு மேல் என்பதைக் கணக்கிற் கொண்டாலும் இந்த இடைவெளி நிரம்பாது. கடல் சூழ்ந்த நாடாகையால் நியூசிலாந்து தப்பியது என்பாருக்கு, இலங்கையும் கடல் சூழ்ந்ததே என்பதை நினைவூட்ட வேண்டியுள்ளது.

முதலலையின்போது கொழும்பு பிந்தவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 2020 மார்ச் 20இலேயே அங்கு ஊரடங்கு வந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதி வரை சாவுகளும் சொற்பமே. வேறுபாடு நடத்திய முறையில் இருந்தது. அங்கே தடுப்புப் பணிக்குத் தலைமை தாங்கியவர் இராணுவத் தளபதி. சில வாரங்களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகினர். அந்த ஊரடங்கின் சட்ட அடிப்படை எது என்று சட்டவல்லுநர்கள் கேள்வி எழுப்பினர். வருமானமிழந்த ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்தது ஐயாயிரம் ரூபா. நியூசிலாந்திலோ முழுநேரத் தொழிலாளி ஒருவருக்கு வாரம் 585 டொலர் வீதம் சம்பள மானியத்தை அரசு முதலாளிகளுக்குக் கொடுத்து, அதனைத் தொழிலாளரிடம் சேர்ப்பித்தது. வீட்டில் இரு என்று சொல்பவன் அடுப்பெரியவும் வழி செய்தான். முதல் ஒன்பது நாட்களின் கட்டுப்பாடு தேவையானதே எனினும் சட்டப்படி செல்லாதது என்று உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் அரசைக் கண்டித்தது. கட்டுப்பாட்டின் நடுவிலும் நீதிமன்றம் திறந்திருந்தது என்பதை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஆயினும் ஒக்லாந்தின் கதை வெற்றியோடு முடியவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய பூட்டு அந்நகருக்கு மட்டும் 107 நாட்கள் நீடித்தது. நகரின் தெற்கெல்லையில் மேர்சரில் பொலிசார் அனுமதிக் கடிதம் கேட்டனர். (சோதனைச் சாவடியில் பேருந்தை விட்டிறங்கி வரிசையில் நடக்க வேண்டியிருக்கவில்லை என்பது எம்மவருக்கு ஆறுதல்.) இருந்தும் டெல்டா அடங்கவில்லை. நெருக்கடியான வீடுகளிலும் தற்காலிக விடுதிகளிலும் வாழ்ந்தோரிடையே, களஞ்சியங்களிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போயே தீரவேண்டியவர்களிடையே அது பரவியது. அரசை நம்பக் காரணமில்லாத மாவோரி மக்களும் பசிபிக் தீவு மக்களும் பெரிதும் பாதிக்கப்பட்டனர். ஒக்டோபர் 4 அன்று, நோயை அடியோடு ஒழிக்கும் கொள்கையிலிருந்து படிப்படியாக விலகுவதாக ஆர்டேன் அறிவித்தார்.

எமது கருத்தில், பிழை பூட்டியதிலன்று, பூட்டு வாங்கித் தந்த காலத்தைச் செலவிட்ட விதத்திலேயே உள்ளது. ஓராண்டுக்கு மேல் பெரும்பாலும் நோயற்றிருந்த அந்நாட்டில், ஆகஸ்ட் 17இல் இரு தடுப்பூசிகளும் பெற்றிருந்தோர் ஐந்தில் ஒரு பங்கினரே. அந்தக் கடனைத்தான் ஒக்லாந்து 107 நாட்களில் அடைத்தது. 2024 நவம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, தொடக்ககாலக் கொள்கை உயிர்களைக் காத்ததை ஏற்றுக்கொண்டதோடு, நீடித்த கட்டாயங்கள் மக்கள் நம்பிக்கையைத் தேய்த்தன என்றும் கூறியது.

அகதிகள் கொடுத்த விலை பற்றி அதிகம் பேசப்படவில்லை. 2020 மார்ச்சில் அகதிகளின் மீள்குடியேற்றம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு சிறு தொகையினரே அனுமதிக்கப்பட்டனர். எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஜூலை இறுதியில். தனிமைப்படுத்தல் விடுதியில் அறை கிடைக்காது வெளிநாடுகளில் தவித்த நியூசிலாந்தர் வழக்காடினர். அவர்களுட் சிலரின் உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆனால், நாட்டினுள் நுழையும் அவ்வுரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நாடுகளில் கணவனையோ தந்தையையோ சேரக் காத்திருந்தோருக்கு அந்தச் சட்டப்பிரிவில் இடமிருக்கவில்லை.