பட்டம் வேண்டாம் என்பவரிடம் கவனம்

“பட்டம் தேவையில்லை. ஆங்கிலம் பேசினால் போதும். தாய்லாந்தில் டீச்சர் வேலை.” இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் பெரம்பலூர், அரியலூர் காலனிகளில் பிளஸ் 2 முடித்த நம் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பு. ஊர்த்தெருவில் அப்பாவை ‘வாடா, போடா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘டீச்சர்’ என்ற சொல் சம்பளத்தைவிடப் பெரியது.

ஆனால், தாய்லாந்திலும் வியட்நாமிலும் முறைப்படி ஆங்கிலம் கற்பிக்கப் பட்டம் கேட்கிறார்கள். வேண்டாம் என்பவர் பெரும்பாலும் சுற்றுலா விசாவில்தான் அனுப்புவார். 2022-இல் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்ட தமிழக இளைஞர்களும் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போனவர்களே.

1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். கட்டண உச்சவரம்பு ரூ.30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான். தாலியை அடகு வைக்கும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர் குடும்பங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. பிளஸ் 2 முடிவு வந்த வாரமே நலத்துறையினர் காலனிக்கு வந்து விண்ணப்பம் வாங்கட்டும். தாட்கோ ஆங்கிலப் பயிற்சியை இங்கேயே நடத்தட்டும். பட்டம் கையில் இருந்தால் நம் பிள்ளை எந்தத் தரகரையும் கெஞ்ச வேண்டியதில்லை.