கூட்டம் சேர்த்தவரா குற்றவாளி?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மிளகும் காப்பியும் பலாவும் விளையும் பூமி. ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன.

அங்கே ஒரு வாலிபர் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிளகு என்ன விலை? பஸ் எத்தனை மணிக்கு? எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது? இதைச் சொல்லத்தான் குழு. அவருக்கு ஒரு காசும் வராது. ஊருக்கு உபகாரம், அவ்வளவுதான்.

ஒரு நாள் இரவு. அவர் தூங்குகிறார். குழுவில் உள்ள வேறொருவர் பொய்ச் செய்தி ஒன்றைப் போட்டுவிடுகிறார். தண்டனை யாருக்கு? போட்டவருக்கா, குழு தொடங்கியவருக்கா?

பொய்ச் செய்தி சின்ன விஷயம் அல்ல. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரைக் கும்பல் அடித்தே கொன்றுவிட்டது. சட்டம் வேண்டும். சந்தேகமே இல்லை.

ஆனால் யாரைப் பிடிப்பது? 2017 ஏப்ரலில் வாரணாசி அதிகாரிகள் ஓர் உத்தரவு போட்டார்கள். வதந்தி போட்டவரை நீக்கி, போலீசுக்கும் சொல்லாவிட்டால், குழு நடத்துகிறவரும் குற்றவாளி என்றார்கள்.

கரூர் வக்கீல்களின் குழு பற்றிய வழக்கில், 2021 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை வேறு வழி காட்டியது. குழு நடத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றால், குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. 2022-ல் கேரள ஐகோர்ட்டும், உறுப்பினர் செய்த குற்றத்துக்குக் குழு நடத்துகிறவர் பொறுப்பல்ல என்றது.

பயம் என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே 2023-ல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அபராதம் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு வரை போகலாம். பொழுதுபோக்காக இணைய மன்றம் நடத்திய சிலர், வம்பே வேண்டாம் என்று 2025-க்குள் கடையைக் கட்டிவிட்டார்கள்.

இந்தியாவில் 2021-ல் வந்த விதிகள், 50 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துள்ள சமூக வலைத்தளக் கம்பெனிகளுக்குக் கூடுதல் பொறுப்பு வைத்தன. யானைக்கு யானைப் பாரம், அது நியாயம். ஆட்டுக்குட்டியின் முதுகிலும் அதையே ஏற்றலாமா?

குழு நடத்துகிறவருக்கும் கடமை உண்டு. பொய் என்று தெரிந்ததும் அதை அழிக்க வேண்டும். போட்டவரை நீக்க வேண்டும். அதைச் செய்தவரைச் சட்டம் தொடக்கூடாது.

சந்தையில் ஒருவன் திருடினால், சந்தை கூட்டியவரையா கட்டிவைப்பது?