கீரைக்குச் சொந்தம்... கொசுதான் சாப்பாடு!

வட்டக்கானல் என்றதும் நம்மில் பலருக்கு டால்பின் நோஸ் பாறை, மூடுபனி, ஒரு பிளேட் மேகிதான் ஞாபகம் வரும். இந்த வாரம் கொஞ்சம் குனிந்து தரையைப் பார்ப்போமா?

கொடைக்கானல் மலைப் புல்வெளிகளில், தண்ணீர் கசியும் சரிவுகளில், ஒரு ஜாண் அளவுக்கு ஒரு செடி வளர்கிறது. பிறை வடிவக் குட்டி இலைகள். இலை முழுக்க முடிகள், ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பனித்துளி. வெயில் ஏறினாலும் அந்தத் துளி மறையாது. ஏனென்றால் அது பனி இல்லை, பசை!

ஏமாந்து உட்காரும் கொசுவோ குட்டி ஈயோ அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும். முடிகள் மெல்ல வளைந்து அமுக்கும். இலை சுரக்கும் நொதிகள் பூச்சியைக் கரைக்க, நைட்ரஜன் செடிக்குப் போய்ச் சேரும். இதன் பேரினப் பெயர் ட்ரோசெரா. சித்த மருத்துவத்தில் இந்த வகைச் செடிகளை அழுகண்ணி என்பார்கள் (வேறு சில செடிகளுக்கும் அந்தப் பெயர் உண்டு).

இது ட்ரோசெரேசி குடும்பம். மொத்தமே மூன்று பேரினங்கள்தான். ட்ரோசெராவில் 200-க்கும் மேல் சிற்றினங்கள், அதிகம் இருப்பது ஆஸ்திரேலியாவில். மற்ற இரண்டிலும் தலா ஒன்றே ஒன்று. ரீல்ஸில் ஈயைக் 'கப்'பென்று பிடிக்கிற வீனஸ் ஃப்ளைட்ராப், இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் கரோலினா பகுதியில் மட்டும். இன்னொன்றான ஆல்ட்ரோவாண்டா, வேரே இல்லாமல் தண்ணீரில் மிதக்கும்.

பூச்சி தின்கிறது என்பதற்காக, ஒரு காலத்தில் இவற்றோடு அமெரிக்கக் குடுவைச் செடியான சாரசீனியாவையும் ஒரே வரிசையில் சேர்த்திருந்தார்கள். டி.என்.ஏ. ஆய்வு வந்ததும் சொந்தபந்தமே மாறிப்போனது. சாரசீனியா, தேயிலை இருக்கும் வரிசைக்குப் போய்விட்டது. நம் ட்ரோசெராவோ தண்டுக்கீரை, கள்ளி, காகிதப்பூ இருக்கும் வரிசையில்! நம்ம ஊர்ச் செடியின் பெயரும் தப்பவில்லை. பழைய புத்தகங்களில் அது ட்ரோசெரா பெல்ட்டேட்டா. 2012-ல் வந்த ஓர் ஆய்வு, ஆசியச் செடிகளைத் தனியே பிரித்து ட்ரோசெரா லூனேட்டா என்றது. லூனா என்றால் நிலா. இலையைப் பார்த்தால் இந்தப் பெயர்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

சரி, செடி ஏன் பூச்சி தின்ன வேண்டும்? மண்ணில் சத்து இல்லை, அதனால்தான். ஈரமும் முழு வெயிலும் ஏழை மண்ணும் இருந்தால் போதும், இது பிழைத்துக்கொள்ளும். அந்த இடத்தில்தான் நாம் பைனும் தைல மரமும் வாட்டில் எனும் சீகையும் நட்டோம். மரம் நிழலைக் கொண்டுவந்தது. சீகை பயறு வகைக் குடும்பம், மண்ணில் நைட்ரஜனையும் ஏற்றியது. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு 40 ஆண்டுகளில் போய்விட்டதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. காரணம் மரத் தோட்டங்களும் விவசாயமும். பச்சைப் பசேல் என்று நாம் போட்டோ எடுக்கும் பைன் காடு, இந்தச் செடிக்கு வீடு போன இடம்.

வட்டக்கானலிலேயே வாழ்ந்து, வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட்டைத் தொடங்கிய பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் இருவரும், சோலைக்காடு, புல்வெளி இரண்டின் மண்ணுக்கேற்ற செடிகளையும் நாற்றங்காலில் வளர்த்தார்கள்.

ட்ரோசெராவைப் பார்க்க ஆசையா? மழை பிடித்தபின் போங்கள். பிடுங்கி வந்து தொட்டியில் வைக்க வேண்டாம். நம் வீட்டு உரமண்ணே அதற்கு ஆகாது. வறண்ட மாதங்களில் போனால் ஒன்றும் தெரியாது. மேலே இலை காய்ந்துபோய், உள்ளே சின்னக் கிழங்காகப் படுத்திருக்கும், நீங்கள் பைக் நிறுத்தும் அதே புல்லுக்கு அடியில்.