பெயர் காட்டாத முகவரி

நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியே பணம் அனுப்புவோர், பெறுநரின் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் இட்டவுடன், அக்கணக்கு யார் பெயரில் உள்ளது என்பதைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் கட்டணமின்றி அளிக்குமாறு வங்கிகளை இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. யூ.பி.ஐ. பரிமாற்றத்தில் இவ்வசதி முன்பே உண்டு. ஆனால் அதே பணத்தைப் பற்றிய ஆவணங்களை, அதாவது விலைப்பட்டியலையும் கணக்கு அறிக்கையையும், மின்னஞ்சலில் அனுப்பும்போது பெறுநரின் பெயரை எவரும் நமக்கு உறுதிசெய்து காட்டுவதில்லை.

முகவரியைச் சோதிக்க வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் என்எஸ்லுக்கப் என்னும் கட்டளையை இட்டு எம்.எக்ஸ். பதிவைக் கேட்டால், @ குறிக்குப் பின்வரும் தளப்பெயருக்கு அஞ்சல் ஏற்கும் சர்வர் உண்டா என்பது நொடியில் தெரியும். வேறு சில கருவிகள் இன்னும் ஒரு படி செல்லும். அவை அந்தச் சர்வரோடு தொடர்புகொண்டு, இன்ன பெறுநருக்குக் கடிதம் உள்ளது என அறிவிக்கும். 250 என்ற விடை வந்தால் ஏற்பு, 550 என்றால் மறுப்பு. கடிதத்தை அனுப்பாமலேயே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுக்கு ஆண்டுக் கணக்கை அனுப்பும் குடியிருப்போர் சங்கப் பொருளாளருக்கு இது பயனுள்ள வேலைதான்.

ஆயினும் 250 என்ற விடையோடு நிறைவடைவது தவறு என்பதே எங்கள் கருத்து. எம்முகவரி வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட சர்வர்கள் உண்டு. பிழையான எழுத்துக்கூட்டில் அமைந்த தளப்பெயர்களைப் பிறர் பதிவுசெய்து வைத்திருப்பதும் உண்டு. இல்லாத முகவரிக்குச் சென்ற கடிதமாவது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். மெய்யாகவே இருக்கின்ற, ஆனால் வேறொருவருக்கு உரிய முகவரிதான் ஆபத்தானது. கையால் நிரப்பிய படிவத்தில் 1 என்னும் இலக்கத்தை ஆங்கில எழுத்தாகப் படித்துவிட்டால், கடிதம் அந்நியர் ஒருவரின் பெட்டியில் ஓசையின்றிச் சேரும். கணக்கு அறிக்கைக்கேனும் பெரும்பாலும் கடவுச்சொல் பூட்டு இருக்கும். விலைப்பட்டியலுக்கு யார் பூட்டுப் போடுகிறார்கள்?

வியப்பு என்னவெனில், மின்னஞ்சலிலும் தொடக்கத்தில் பெயர் காட்டும் வசதி இருந்தது. 1982-இல் வெளியான எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் வி.ஆர்.எஃப்.ஒய். என்றொரு கட்டளை உண்டு. பயனரின் பெயரைக் கொடுத்துக் கேட்டால், சர்வர் அவரது முழுப்பெயரையும் அஞ்சல் பெட்டியையும் தெரிவிக்கும். குப்பை அஞ்சல் அனுப்புவோர் முகவரிகளைத் திரட்ட இதையே பயன்படுத்தியதால், பெரும்பாலான நிர்வாகிகள் இக்கட்டளையை முடக்கிவிட்டனர். இன்று கேட்டால், உறுதிசெய்ய இயலாது, கடிதத்தை வேண்டுமானால் ஏற்கிறேன் என்னும் பொருளில் 252 என்ற விடை வரக்கூடும். அவர்களைக் குறைகூற இயலாது.

எஞ்சியிருப்பது ஒரே வழி: முகவரிக்கு உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை அனுப்பி, உரியவரிடமிருந்து விடை பெறுவது. விடை வரும்வரை எவ்வங்கியும், நாங்கள் உட்பட, புதிய முகவரிக்கு அறிக்கை அனுப்பலாகாது. வாடிக்கையாளர் சிலருக்கு இது தொல்லையாகத் தோன்றும். அத்தொல்லையை நாங்கள் ஆதரிக்கிறோம். வணிகர்களும் புதிய முகவரிக்கு முதலில் வெறும் வணக்கக் கடிதம் அனுப்பி, விடை வந்தபின் விலைப்பட்டியலை அனுப்பலாம். கிளையில் முகவரி மாற்றப் படிவம் கொடுப்போர், உறுதிக் கடிதம் தம் கைப்பேசிக்கு வந்துசேரும்வரை கவுன்டரை விட்டு அகலாதிருக்கலாம்.